முன் சக்கரக் குடப்பூட்டு: கையால் பூட்டுவதா, தானே பூட்டுவதா?

நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஜீப் முதலிய வண்டிகளைப் பண்ணை வேலைக்கு வைத்திருப்போர், அவற்றைப் பெரும்பாலும் கெட்டி ரஸ்தாவில் பின் சக்கரங்களின் பலத்தைக் கொண்டே ஓட்டுகின்றனர். அச்சமயங்களில் முன் சக்கரங்கள் உருளுவதால் அவற்றோடு இணைந்த இருசுகளும், பல்சக்கரங்களும், நடுத்தண்டும் வேலையின்றியே சுழன்று தேய்கின்றன. இதைத் தவிர்க்கும் பொருட்டே, யுத்தத்தில் மிஞ்சிய ஜீப்புகளுக்கென 1948-ம் வருஷத்தில் அமெரிக்காவில் ஆர்தர் வார்ன் என்பவர், மெக்கானிக்குகள் 'லாக்கிங் ஹப்' என்று சொல்லும் குடப்பூட்டுகளைச் செய்து விற்கலானார். பூட்டைத் திறந்தால், கட்டை வண்டியிற்போலச் சக்கரம் மட்டும் சுழலும். பூட்டினால் இருசும் சக்கரமும் ஒன்றாகும். எண்ணெய்ச் செலவில் மிச்சம் சொற்பமே; தேய்மானம் குறைவதே லாபம்.

கைப்பூட்டிற்குக் கீழிறங்கி இரு சக்கரங்களிலும் திருகை முழுதும் திருப்ப வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூட்டினால், சாதாரண வண்டிகளில் முன்பக்கத்துச் சக்தியெல்லாம் பூட்டாத இருசிலேயே வீணாகும். சேற்றில் இறங்குமுன்பே பூட்டிவிடுவது நலம். புதைந்தபின் திருகைத் தேடித் துழாவுவது எத்தகைய வேலை என்பதை அநுபவித்தவரே அறிவர்! பூட்டிய குடத்துடன் இரு சக்கர நிலையில் ஓட்டுவதால் கெடுதியில்லை. ஆனால் காய்ந்த கெட்டிப் பாதையில் நான்கு சக்கர நிலையில் ஓட்டலாகாது.

தானியங்கிப் பூட்டு, கியர் தண்டை மாற்றி வண்டியை நகர்த்தியவுடன் இருசின் சுழற்சியால் தானே விழும். விடுவிக்க, இரு சக்கர நிலைக்கு மாற்றிச் சில கஜம் பின்னோக்கி ஓட்டவேண்டும். சௌகரியந்தான், எனினும் பழைய வகைகளில், இழுப்பின் திசை மாறும்போது பூட்டு ஒரு கணம் விடுபடுவதுண்டு. பாரமேற்றிய டிரெயிலருடன், எஞ்சினின் தடையை நம்பி ஈரச் சரிவில் இறங்கும்போது அவ்வாறு நேர்ந்தால், பின் சக்கரங்கள் மட்டுமே வண்டியைப் பிடித்து, அது பக்கவாட்டில் சறுக்கக்கூடும். மேலும், உள்ளே கிரீஸ் அதிகமானால் இவ்வகை சரியாகப் பூட்டாது.

ஆகவே சரிவும் சேறும் உள்ள பண்ணைகளுக்குக் கைப்பூட்டே உத்தமம். நாளில் பலமுறை ரஸ்தாவுக்கும் வயலுக்குமாக மாறி ஓடும் வண்டிக்கே தானியங்கி ஏற்றது.

எவ்வகையாயினும் மாதம் ஒருமுறை பூட்டி, இளகிய மண் பாதையில் சிறிது தூரம் ஓட்டினால் முன் இருசுக்குள் எண்ணெய் பரவும். பழைய வண்டி வாங்குவோர் கைப்பூட்டை இவ்வாறு சோதிக்கலாம்: மற்றச் சக்கரங்களுக்கு அடைக்கட்டை கொடுத்து, இரு சக்கர நிலையில் இரு பூட்டுகளையும் பூட்டி, ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் உயர்த்திக் கையால் சுற்றினால், முன் நடுத்தண்டும் சுழலவேண்டும், அந்தப் பூட்டைத் திறந்தால் தண்டு அசையாமல் நிற்கவேண்டும். பின்பு மறுபக்கத்தையும் அவ்வாறே பார்க்க.