விலாவுக்குக் கீழே ஒரு வளைவு

இடது விலா எலும்புகளுக்கு அடியில், மண்ணீரலை ஒட்டி, பெருங்குடல் சட்டென்று கீழ்நோக்கித் திரும்புகிறது. ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடலில் மிக உயரமான இடம் அதுதான். நேர் மேலே உதரவிதானம், அதற்கும் மேலே இதயம். அந்த வளைவில் வாயு தேங்கினால் வலி வயிற்றோடு நிற்பதில்லை. இடது மார்பில் குத்தும், சிலருக்குத் தோள்பட்டை வரை போகும். கல்லீரலுக்குக் கீழே உள்ள வலப்பக்க வளைவில் தேங்கினால் பித்தப்பைக் கல்லோ என்று பயப்பட வைக்கும். மற்றபடி வயிற்று உப்புசம், இரைச்சல், இடம் மாறி மாறிப் பிடித்து இழுக்கும் வலி, காற்றுப் பிரிந்ததும் கிடைக்கும் நிம்மதி ஆகியவை எல்லோரும் அறிந்த அறிகுறிகள்.

அவசரமாகச் சாப்பிடும்போது விழுங்கும் காற்றில் பெரும்பகுதி ஏப்பமாக வந்துவிடும். பெருங்குடலில் சேரும் வாயுவோ பெரும்பாலும் அங்கேயே உருவாவது. கொண்டைக்கடலை, மொச்சை, உளுந்து போன்றவற்றில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் இருக்கின்றன. அவற்றை உடைக்கும் நொதி மனிதச் சிறுகுடலில் சுரப்பதே இல்லை. வெங்காயம், பூண்டு, கோதுமையில் உள்ள ஃபிரக்டானும் அப்படித்தான். பாலைச் செரிக்கும் நொதி பலருக்கு வயது ஏற ஏறக் குறைகிறது. இப்படிச் செரிக்காமல் வந்து சேர்பவற்றைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்கின்றன. ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் வெளியாகின்றன.

என்னை வியக்கவைப்பது அடுத்து நடப்பது. அதே குடலில் வாயுவைத் தின்று வாழும் நுண்ணுயிரிகளும் இருக்கின்றன. மெத்தனோபிரெவிபாக்டர் ஸ்மித்தி என்பது நான்கு பங்கு ஹைட்ரஜனையும் ஒரு பங்கு கார்பன் டை ஆக்சைடையும் எடுத்து, ஒரே பங்கு மீத்தேனாக மாற்றிவிடும். ஐந்து பங்கு ஒன்றாகிறது! இது எல்லோர் குடலிலும் சம அளவில் இருப்பதில்லை. வாயுவில் இன்னொரு பகுதி இரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியே போய்விடும். மூச்சில் ஹைட்ரஜனை அளந்து பால் ஒத்துக்கொள்கிறதா என்று பார்ப்பது இதனால்தான். மீதி, நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை, கீழே பிரிகிறது. ஒரு நாளில் பத்து, இருபது தடவை பிரிவது நோயல்ல. நாற்றம் தரும் கந்தகச் சேர்மங்கள் அதில் ஒரு சதவீதம்கூட இருக்காது.

அப்படியானால் சிலருக்கு மட்டும் ஏன் இவ்வளவு அவதி? பார்சிலோனாவில் ஃபெர்னாண்டோ அஸ்பிரோஸ் குழுவினர் குடலுக்குள் நேரடியாக வாயுவைச் செலுத்திப் பார்த்தார்கள். ஆரோக்கியமானவர்கள் உள்ளே போன வேகத்திலேயே வெளியேற்றிவிட்டார்கள். உப்புசத் தொல்லை உள்ளவர்களில் பலருக்கு அதே அளவு வாயு தேங்கியது, அல்லது வலித்தது. வாயுவின் அளவைவிட, குடல் அதை எப்படித் தள்ளுகிறது, எவ்வளவு கூர்மையாக உணர்கிறது என்பதே பெரிய காரணம். படுத்திருப்பதைவிட நிமிர்ந்திருக்கையில் வாயு வேகமாக நகர்வதையும், இலேசான உடற்பயிற்சி உதவுவதையும் அவர்கள் கண்டார்கள்.

ஆகவே வலி வந்ததும் சுருண்டு படுப்பதைவிட எழுந்து நடப்பது நல்லது. முழங்கால்களை மார்போடு அணைக்கும் பவனமுக்தாசனமும் பலருக்குச் சுகம் தருகிறது. மலச்சிக்கல் இருந்தால் முதலில் அதைக் கவனிக்க வேண்டும். பயறுகளை இரவே ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் சர்க்கரைகளில் ஒரு பகுதி போய்விடும். சோடா குடித்து விடும் ஏப்பம் இரைப்பையைத்தான் காலி செய்யும். பெருங்குடல் வாயுவை அது தொடாது. மருந்துக்கடையில் கிடைக்கும் சிமெத்திகோன் சிறு குமிழ்களைப் பெரிதாக ஒன்றுசேர்க்கிறது, வாயு உருவாவதைக் குறைப்பதில்லை. ஓமத்தில் உள்ள தைமாலுக்குக் குடல் தசையைத் தளர்த்தும் தன்மை உண்டு என்று ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன; ஓமத் தண்ணீர் குடிப்பதில் தவறில்லை.

"முதுகில் வாய்வு பிடித்துக்கொண்டது" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். குடலைவிட்டு வெளியேறி முதுகுத் தசையில் போய் உட்கார வாயுவுக்கு வழியே கிடையாது. அங்கே வலிப்பதற்கு வேறு காரணம் இருக்கும். வயிறு வீங்கி, வாந்தியோடு மலமும் காற்றும் அடியோடு நின்றுபோனால் அது குடலடைப்பாக இருக்கலாம். மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு இருந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வியர்வை, மூச்சுத்திணறல், கைக்கோ தாடைக்கோ பரவும் நெஞ்சுவலி என்றால் "கேஸ்தான்" என்று இஞ்சிச் சாறு குடித்துக் காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். ஈசிஜி எடுக்கச் சில நிமிடங்களே ஆகும்.