வலி நின்ற மூட்டும் முற்றாத நாரும்

கபடியில் பாடிச் சென்றவர் பிடிக்குத் தப்ப ஒரு காலை ஊன்றி உடலைச் சட்டெனத் திருப்பும் கணத்தில், தொடை எலும்பையும் கணைக்கால் எலும்பையும் மூட்டுக்குள் குறுக்காகப் பிணைத்து, கீழெலும்பு முன்னோக்கி நழுவாமல் காக்கும் முன் சிலுவைத் தசைநார் அறுந்துபோவதுண்டு; ‘ஜவ்வு கிழிந்துவிட்டது’ என்று ஆட்டக்காரர்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். அறுவை சிகிச்சையில், காயமுற்றவருடைய தொடையின் பின்புறத்திலிருந்தோ முழங்கால் சில்லுக்குக் கீழிருந்தோ எடுக்கப்படும் தசைநாண், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நார்க்கற்றை, எலும்புகளில் துளையிட்டு அந்த இடத்தில் பொருத்தப்படுகிறது.

பொருத்திய நாண் உடனே தசைநாராகிவிடுவதில்லை. இரத்த ஓட்டத்தை இழந்த அதன் உயிரணுக்கள் முதலில் மடிகின்றன. பிறகு புதிய இரத்தக்குழாய்கள் ஊடுருவி, புதிய உயிரணுக்கள் குடியேறி, இழைகள் மெல்லச் சீரமைகின்றன. இம்மாற்றத்தின் நடுவே, முதல் சில மாதங்களில், நாண் பொருத்திய நாளில் இருந்ததைவிட வலுக்குன்றியிருப்பதை விலங்குகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. வீக்கம் வடிந்து, ஊன்றுகோல் விலகி, வலி நின்று, தாம் குணமாகிவிட்டதாக ஆட்டக்காரர் நம்பத் தொடங்குவதும் ஏறத்தாழ அதே மாதங்களில்தான் என்பது பெருங்கவலைக்குரியது.

அதைவிடக் கவலைக்குரியது தொடையின் முன்தசை. மூட்டில் வீக்கம் இருக்கும்வரை நரம்பு மண்டலமே அத்தசையை முழுமையாக இயங்கவிடாமல் அடக்கிவைப்பதால், அது சில வாரங்களிலேயே மெலிந்துவிடுகிறது; நடப்பதால் மட்டும் அது மீள்வதில்லை, படிப்படியாகப் பளு ஏற்றும் பயிற்சி பல மாதங்களுக்கு வேண்டும். ஊருக்குத் திரும்பிய இளைஞர், நடை சீரானதும் இயன்முறைப் பயிற்சியை நிறுத்திவிட்டு, பொங்கல் கால மின்னொளிக் கபடியில் களமிறங்க நாள் எண்ணினால், அந்த இழப்பை அளந்து சொல்ல அருகில் ஒருவரும் இருப்பதில்லை.

2016இல் வெளியான டெலவேர்–ஆஸ்லோ ஆய்வில், வலிமைச் சோதனை, தாண்டல் சோதனை உள்ளிட்ட தகுதிகளை எட்டாமல் ஆட்டத்துக்குத் திரும்பியவர்களில் 38 விழுக்காட்டினர் மீண்டும் மூட்டுக் காயமுற்றனர். எட்டியவர்களிடையே அது 6 விழுக்காட்டுக்கும் குறைவு. ஒன்பதாம் மாதம் வரை, திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும் மறுகாய வாய்ப்பை ஏறக்குறையப் பாதியாக்கியது.

ஒற்றைக் காலில் தாண்டும் தூரத்தை அளக்க மைதானத்தில் ஒரு நாடா போதும், ஆனால் அதை மட்டும் நம்ப இயலாது. இடுப்பும் கணுக்காலும் ஈடுகொடுத்துவிடுவதால், இரு கால்களின் தூரமும் சமமான பிறகும் முன்தசை பின்தங்கியிருக்கக்கூடும். அத்தசையைத் தனியே சோதித்து, மறுகாலின் வலிமையில் 90 விழுக்காட்டையாவது எட்டியதை உறுதிசெய்யும்வரை ஆட்டக்காரரைப் பாடி வர அனுப்பலாகாது.