தடுப்பூசியை யார் செய்கிறார்கள்?

காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போடுவதற்குக் கை பழக வேண்டும். பிறந்த குழந்தையின் இடது தோளில், தசைக்குள் இறங்காமல் தோலுக்குள்ளேயே நிற்கும்படி, 0.05 மில்லி. சரியாகப் போட்டிருந்தால் அந்த இடம் சின்னதாக உப்பி வரும். மயிலாப்பூரிலும் பிறகு அடையாறிலும் மாநகராட்சி சுகாதார நிலையங்களில் செவிலியராக இருந்த காலமெல்லாம் நான் போட்ட ஊசி அது. உலர்ந்த மருந்தில் உப்புநீரைக் கலந்துவிட்டால் நாலு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். அதனால் கடற்கரையோர நொச்சிக்குப்பத்துத் தாய்மார்களிடம், “புதன்கிழமை காலையிலேயே பிள்ளையைத் தூக்கிட்டு வந்துடுங்கம்மா, மத்தியானம் வந்தா மருந்து இருக்காது” என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வருவோம்.

அந்த மருந்து எங்கள் ஊரிலேயே செய்யப்பட்டது. சைதாப்பேட்டைப் பாலத்தைத் தாண்டினால் கிண்டி. அங்கே 1948-இல், சுதந்திரம் வாங்கிய மறு வருடமே, பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகத்தைத் தொடங்கிவிட்டார்கள். கையில் காசில்லாத புது நாடு, காசநோயால் குடும்பம் குடும்பமாக மக்கள் செத்துக்கொண்டிருந்த நேரம். மருந்தை வெளிநாட்டில் வாங்கிக்கொள்ளலாம் என்று அன்றைக்கு இருந்தவர்கள் நினைக்கவில்லை. தி.நகர் பஸ்லுல்லா சாலையில் வாழ்ந்த ராஜாஜி 1955-இல் பி.சி.ஜி.யைக் கடுமையாக எதிர்த்துப் புத்தகமே போட்டார். அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. ஆனால் கேள்வி கேட்டவரும் பதில் சொல்ல வேண்டியவர்களும் ஒரே ஊரில் இருந்தார்கள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்குக் கொரோனா காலத்தில்தான் புரிந்தது.

2008 ஜனவரியில் கிண்டி ஆய்வகம், குன்னூர் பாஸ்டர் நிறுவனம், ஹிமாச்சலில் உள்ள கசௌலி ஆய்வகம் மூன்றின் உரிமத்தையும் மத்திய அரசு நிறுத்தி வைத்தது. உற்பத்தித் தரம் உரிய விதிகளின்படி இல்லை என்பது காரணம். குறை இருந்திருக்கலாம். தடுப்பூசியில் குறையைப் பொறுத்துக்கொள்ளவும் கூடாது. ஆனால் என் நிலையத்தில் தடுப்பூசியைக் குளிரில் வைக்கும் ஐ.எல்.ஆர். பெட்டி கெட்டுப்போனால் பெட்டியைச் சரி செய்வோமா, நிலையத்தை இழுத்து மூடுவோமா? 2010-இல் நிறுத்தத்தை விலக்கிக்கொண்டார்கள். அதற்குள் நாட்டுக் குழந்தைகளுக்கான மருந்துக்குத் தனியார் நிறுவனங்களை எதிர்பார்த்து நிற்பது நமக்குப் பழகிவிட்டது.

2021 மே மாதம் வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகும் கூப்பிட்டார்கள், போனேன். கோவிஷீல்டு குப்பி ஒன்றில் பத்துப் பேருக்கான மருந்து. சொட்டு வீணாகாமல் எடுத்தால் பதினோராவது ஆளுக்கும் தேறும். அந்தப் பதினோராவது ஊசிக்காகக் கண்ணை இடுக்கிக்கொண்டு சிரிஞ்சைப் பார்த்துக்கொண்டிருப்போம். காலை ஐந்து மணிக்கே டோக்கனுக்கு வரிசை நிற்கும். ஒன்பது மணிக்கு “ஸ்டாக் இல்லை” என்று பலகை மாட்டும்போது, முன்னால் நிற்கும் பெரியவரின் முகத்தைப் பார்க்க முடியாது. அதே மாதத்தில்தான் முதலமைச்சர் ஸ்டாலின் செங்கல்பட்டில் ஓடாமல் கிடந்த ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகத்தைப் போய்ப் பார்த்தார், அதைத் தமிழ்நாட்டிடம் குத்தகைக்குக் கொடுங்கள் என்று பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மத்திய அரசின் எச்.எல்.எல். நிறுவனம் பல நூறு கோடி ரூபாயில் கட்டிய வளாகம் அது. சென்னையிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம்கூட இல்லை. அங்கிருந்து ஒரு குப்பியும் வரவில்லை.

நமக்கே இந்த நிலை. நம்மைவிட ஏழையான நாடுகள் நம்மை நம்பியிருந்தன. கோவேக்ஸ் என்ற உலகத் திட்டம் ஏழை நாடுகளுக்கு அனுப்ப நினைத்த தடுப்பூசியில் பெரும்பங்கு, கோவிஷீல்டு தயாரான புனேயிலிருந்து போக வேண்டியது. இரண்டாம் அலை வந்ததும் இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியது. வரிசையில் நின்றவர்களைப் பார்த்த எனக்கு அதைத் தவறென்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் அந்த நிறுத்தத்தின் விலையை ஆப்பிரிக்காவில் என்னைப் போன்ற செவிலியர்கள் கொடுத்தார்கள். அந்த ஆண்டு முடியும்போதும் மிக ஏழை நாடுகளில் பத்துப் பேரில் ஒருவர்கூட முதல் ஊசி போட்டுக்கொண்டிருக்கவில்லை. பணக்கார நாடுகளில் மூன்றாவது ஊசி நடந்துகொண்டிருந்தது.

ஆப்பிரிக்க நாடான மலாவியின் கதையை நான் மறக்கவே மாட்டேன். 2021 மார்ச் கடைசியில் அந்த நாட்டுக்கு ஒரு லட்சத்துச் சொச்சம் ஊசிகள் வந்தன. காலாவதித் தேதி ஏப்ரல் 13. மூன்று வாரம்கூட இல்லை. பெரும்பகுதியை அவர்கள் போட்டு முடித்துவிட்டார்கள். மிஞ்சிய 19,610 ஊசிகளை மே மாதம் எரித்தார்கள். ‘ஊசி கொடுத்தால் வீணடிக்கிறார்கள்’ என்று பேசியவர்களைக் கேட்டிருக்கிறேன். குளிர்பெட்டி, வண்டி, சிரிஞ்சு, ஊசி போடத் தெரிந்த கை, பயப்படும் மக்களிடம் பேசிப் புரியவைக்க அவகாசம், இத்தனையும் இல்லாமல் மருந்து மட்டும் வந்து இறங்கினால் நொச்சிக்குப்பத்திலும் அதே கதைதான் நடந்திருக்கும்.

இதையெல்லாம் செய்யப் பணம் வேண்டும். 2021 ஆகஸ்டில் சர்வதேச நிதியம் உறுப்பு நாடுகளுக்கு 65,000 கோடி டாலர் மதிப்புள்ள கையிருப்பைப் பிரித்துக் கொடுத்தது. நிதியத்தில் யாருக்கு எவ்வளவு பங்கோ அதே கணக்கில் பிரித்ததால், மிக ஏழை நாடுகள் எல்லாம் சேர்ந்து பெற்றது சுமார் 2,100 கோடி.

பணம் மட்டும் போதாது, மருந்தைச் செய்ய உரிமையும் வேண்டும். இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபர் 2-இல் உலக வர்த்தக அமைப்பிடம் ஒரு கோரிக்கை வைத்தன: கொரோனா முடியும்வரை தடுப்பூசி, மருந்து, பரிசோதனைக் கருவிகளுக்கான காப்புரிமை உள்ளிட்ட அறிவுசார் சொத்துரிமைகளை நிறுத்தி வையுங்கள், செய்யத் தெரிந்தவர்கள் செய்யட்டும். முடிவு 2022 ஜூனில்தான் வந்தது. அதுவும் தடுப்பூசிக்கு மட்டும், காப்புரிமைக்கு மட்டும். செய்முறையைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. ஒன்றே முக்கால் வருடம் கழித்து எழுதிய அந்தத் தாளால் யாருக்கும் ஊசி கிடைக்கவில்லை.

தொழிற்சாலை இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. தென்னாப்பிரிக்காவில் ஆஸ்பென் என்ற நிறுவனம் ஜான்சன் அண்ட் ஜான்சன் தடுப்பூசியைக் குப்பிகளில் நிரப்பிக் கொடுத்தது. அப்படி ஆப்பிரிக்க மண்ணில் நிரப்பிய மருந்தில் ஒரு பகுதி 2021-இல் ஐரோப்பாவுக்குப் போனது. கண்டனம் எழுந்த பிறகே நின்றது. மறு வருடம் ஆஸ்பென் தன் பெயரிலேயே விற்க உரிமம் வாங்கியபோது ஒரு ஆர்டர்கூட வரவில்லை. தேவை இருந்தபோது மருந்து வெளியே போனது, மருந்து தயாரானபோது வாங்க ஆளில்லை. ஆப்பிரிக்கா தனக்கு வேண்டிய தடுப்பூசியில் ஏறத்தாழ 99 விழுக்காட்டை இறக்குமதி செய்வது இப்படித்தான் தொடர்கிறது.

2025 மே 20-இல் உலக சுகாதார அமைப்பின் பேரவை பெருந்தொற்று ஒப்பந்தத்தை ஏற்றது. அடுத்த பெருந்தொற்றில், இதில் சேரும் நிறுவனங்கள் தங்கள் உற்பத்தியில் 20 விழுக்காட்டை உலக சுகாதார அமைப்புக்கு ஒதுக்க வேண்டும், அதில் பாதியையாவது இலவசமாகத் தர வேண்டும் என்பது அதன் எண்ணம். இதை நான் வரவேற்கிறேன். ஆனாலும் அது மற்றவர் செய்ததில் ஒரு பங்கு.

எனக்கு நம்பிக்கை தருவது இன்னொரு ஏற்பாடு. காவி என்ற தடுப்பூசிக் கூட்டணி, ஆப்பிரிக்காவில் செய்யும் தடுப்பூசிகளுக்குப் பத்து ஆண்டுகளில் 120 கோடி டாலர் வரை ஊக்கத்தொகை தரும் திட்டத்தை 2024 ஜூனில் தொடங்கியது. அதோடு நிற்கக் கூடாது. உலகக் குழந்தைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு யுனிசெஃப்தான் தடுப்பூசி வாங்குகிறது. பெருந்தொற்று இல்லாத சாதாரண வருடங்களில், சாதாரண பி.சி.ஜி.யையும் தட்டம்மை ஊசியையும் யுனிசெஃப் அந்த ஆப்பிரிக்கத் தொழிற்சாலைகளிடம் வாங்க வேண்டும், ஊசிக்குச் சில காசு கூடினாலும். நம் அரசும் கிண்டிக்கும் குன்னூருக்கும் அப்படி வருடா வருடம் ஆர்டர் கொடுக்கட்டும், செங்கல்பட்டை ஓட வைக்கட்டும்.