பயிர்க்காவலுக்குத் துவக்கு வாங்குமுன்

காட்டையடுத்த நிலங்களில் மரவள்ளி, சோளம், கச்சான், நெல் முதலியன பயிரிடும் கமக்காரர்க்குக் காட்டுப்பன்றியால் விளையும் நட்டத்தைப் பற்றி இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஓரிரவிற் கிளறியெறியப்பட்ட மரவள்ளிப் பாத்தியை விடியற்காலையிற் கண்டவர் அன்றே துவக்கொன்று தேடப் புறப்படுதல் இயல்பு. சினத்தோடு வாங்கும் பொருளை எவரும் ஆற அமர ஆராய்ந்து வாங்குவதில்லை. மண்வெட்டி பழுதெனின் பிடியை மாற்றிக்கொள்ளலாம். குழல் பழுதான துவக்கோ வாங்கியவரது கண்ணையும் இடக்கை விரல்களையும் கொண்டுபோகக்கூடும். ஆதலின், பயன்படுத்திய ஒற்றைக்குழல் அல்லது இரட்டைக்குழற் சன்னத்துவக்கு ஒன்றை வாங்க எண்ணுவோர் எவற்றை எம்முறையிற் பார்த்தல் வேண்டுமென்பதை இத்துண்டுப் பிரசுரம் எடுத்துரைக்கின்றது.

முதலிற் பார்க்கவேண்டியது துவக்கையன்று, அதன் பத்திரத்தையே. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச்சட்டத்தின்படி அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருத்தல் குற்றமாகும். அப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படல் வேண்டும். விற்பவர் தம் பத்திரத்தோடு துவக்கையும் உங்கள் கையிற் கொடுத்துவிட்டால் அது உங்களுடையதாகிவிடாது. பத்திரம் ஆளுக்கு வழங்கப்படுவது. எனவே, முற்பணம் கொடுக்குமுன் மாவட்டச் செயலகத்தில் விசாரித்து, உமக்கு அனுமதி கிடைக்குமாவென அறிந்துகொள்க. பத்திரத்திற் கண்ட இலக்கம் துவக்கின் உடலிலும் குழலிலும் பொறிக்கப்பட்ட இலக்கத்தோடு ஒத்திருக்கின்றதாவென எழுத்தெழுத்தாக ஒப்பிடுக. இலக்கம் அரத்தால் தேய்க்கப்பட்டிருப்பின் துவக்கு எத்துணை மலிவாயினும் அதனைத் தொடாது திரும்புதலே நன்று.

எவ்வகைத் துவக்கு வேண்டுமென்பது அடுத்த வினா. படங்களிற் காணும் இலகுவான 0.22 அங்குல அரைத்தானியங்கி ரைபிள்கள் சிலரது மனத்தைக் கவர்வதுண்டு. 1964ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ரூகர் 10/22 என்பது இவ்வகையிற் பெயர்பெற்ற ஒன்று. ஒருமுறை விசையை இழுத்தால் ஒரு வெடி தீரும். தீர்ந்தவுடன் வெற்றுத்தோட்டா தானே வெளியேறி அடுத்த தோட்டா தானே குழலுட் புகும். குறிப்பலகைக்குச் சுடுவோர்க்கு அது வசதி. இருளிற் பரணிலிருந்து இறங்கும் கமக்காரர்க்கு அதுவே இடர். வெடிதீர்ந்தபின்னும் துவக்கு நிரம்பியே இருக்கின்றது. தோட்டாப் பெட்டியைக் கழற்றிய பின்னரும் குழலினுள் ஒன்று எஞ்சியிருத்தல் கூடும். மேலும், அச்சிறு குண்டு பன்றிக்குப் போதிய வலிமையற்றது. ஆயினும் தவறிப் போனால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் வரை செல்லவல்லது. வயல்களுக்கிடையே குடிசைகளும் பரண்களும் உள்ள நம் நிலங்களுக்கு இது பொருந்தாது. மடித்துத் திறக்கும் ஒற்றைக்குழல் 12 போர்த் துவக்கே போதுமென்பது எமது கருத்து. அது திறந்திருக்கும்போது வெடியாதென்பதை எதிரில் நிற்பவரும் தூரத்திலிருந்தே காணலாம். இச்சிறப்பு வேறெத்துவக்கிற்கும் இத்துணை வெளிப்படையாக இல்லை.

ஊர்க் கொல்லர் குழாய்த்துண்டிற் செய்யும் இடியன் துவக்கைப் பற்றி ஈண்டு ஆராய்வதற்கு ஒன்றுமில்லை. வெடிமருந்தின் அழுக்கத்தைத் தாங்குமென எவரும் சோதித்தறியாத குழாயை முகத்தருகே வைத்துச் சுடுவதை எம்முறையாலும் பாதுகாப்பானதாக்க இயலாது. அதனை வழியிற் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கோ பன்றிக்கும் விறகு பொறுக்கச் செல்லும் பெண்ணுக்கும் வேறுபாடறியாது.

இனித் துவக்கைக் கையிலெடுப்போம். விற்பவர் “வெற்றுத்தான்” என்று சொன்னாலும் முதலிற் குழல்வாயை ஆளற்ற பக்கம் நோக்கித் திருப்பித் திறந்து, அறையைக் கண்ணால் நோக்கி விரலால் தடவிப் பார்க்க. பார்வை பகலொளியில், வெளிமுற்றத்தில் நிகழ்தல் வேண்டும். விளக்கொளியிற் காட்டப்படும் துவக்கை மறுநாட் காலையிற் பார்ப்பதாகச் சொல்லிவிடுக.

திறக்கும் துவக்குகளில் முதன்மையான குறை பூட்டின் தளர்வு. குழலின் பின்முகம் துவக்கின் உடலிலுள்ள தட்டோடு இடைவெளியின்றிப் பொருந்தியிருத்தல் வேண்டும். பல்லாண்டு வெடித்தும் கவனமின்றி அறைந்து மூடியும் வந்த துவக்கில் இப்பொருத்தம் தளர்ந்துவிடும். இதனை அறியச் சிறு உபாயமொன்றுண்டு. குழலின் கீழுள்ள முன்கட்டையைக் கழற்றிவிடுக. அது பொருத்தப்பட்டிருக்கும்போது தளர்வை மறைத்துவிடும். பின்னர் துவக்கை மூடி, பிடியை ஒரு கையிலும் குழலை மறுகையிலும் பற்றி மேலுங்கீழும் பக்கவாட்டிலும் அசைக்க. சிறிதேனும் ஆட்டமோ “டக்” என்னும் ஒலியோ தோன்றின் பூட்டுத் தேய்ந்துள்ளது. மூடிய துவக்கை வானத்துக்கு எதிராகப் பிடித்துப் பொருத்தின் வழியே ஒளி தெரிகின்றதாவென்றும் பார்க்கலாம். தளர்ந்த துவக்கில் வெடிக்கும்போது தோட்டாவின் பித்தளை அடி பின்னோக்கிப் பிதுங்கிக் கிழியவும், சூடான வாயு சுடுபவர் முகத்தை நோக்கிப் பாயவும் இடமுண்டு. கைதேர்ந்த துவக்குத் திருத்துநர் இதனைச் சீராக்குவார். அச்செலவை விலையிற் கழித்தே பேசுதல் வேண்டும்.

அடுத்தது குழல். அதனைத் தனியே கழற்றி, உட்புறத்தைத் துணியால் துடைத்து, யன்னலின் குறுக்குச் சட்டமொன்றை நோக்கிப் பிடித்து உள்ளே பார்க்க. நல்ல குழலில் நிழற்கோடுகள் நேராகவும் தொடர்ச்சியாகவும் ஓடும். நெளிந்த இடத்தில் நிழல் உடையும். குழலைச் சுற்றி மோதிரம்போற் கருவளையமொன்று தோன்றின் அவ்விடம் உள்ளிருந்து வீங்கியுள்ளதென்பதே பொருள். வெளிப்புறத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விரலாற் பற்றி மெல்ல இழுத்துச் சென்றால் கண்ணுக்குத் தெரியாத வீக்கமும் கைக்குத் தெரியும்.

வீக்கம் ஏன் உண்டாகின்றது? குழலினுள் ஏதேனும் அடைபட்டிருக்கையிற் சுட்டமையாலேயே. நம் ஊர்களில் இதற்கு முதற்காரணி குளவி. சுவரில் மாட்டியிருக்கும் துவக்கின் வாயினுள் அது மண்கூடு கட்டிவிடும். வரப்பில் தடுக்கி விழுந்தவரது துவக்கின் வாயிற் சேறு புகும். அவ்வடைப்பை அறியாது சுட்டால், பின்னால் வரும் வாயு தடைப்பட்டு அவ்விடத்துக் குழலை விரிக்கும். சில வேளை கிழிக்கும். ஒருமுறை வீங்கிய குழல் அவ்விடத்தில் நொய்ந்ததே. சுத்தியலால் தட்டித் திருத்தி மேலே கருமை பூசி விற்பாரும் உளர். எமக்குக் காட்டப்பட்ட துவக்கொன்றின் குழல் நடுவிற் சைக்கிள் ரியூப்பினால் அழகாகச் சுற்றப்பட்டிருந்தது. கைக்குச் சூடு தெரியாதிருக்கவே என்றார் உரியவர். அவிழ்த்துப் பார்த்தபோது கீழே மயிரிழைபோல் வெடிப்பொன்று ஓடிற்று.

துருப்பள்ளங்களையும் கவனிக்க. மேலோட்டமான சில புள்ளிகளாற் பெருந்தீங்கில்லை. தோட்டா இருக்கும் அறையிலும் அதனையடுத்த ஓரடி நீளத்திலும் ஆழமான பள்ளங்கள் இருப்பின் துவக்கைத் தள்ளிவிடுக. வெடியின் அழுக்கம் உச்சமடைவது அங்கேதான். பள்ளங்களைப் போக்க உட்புறத்தைக் கடைந்து பளபளப்பாக்குவதும் உண்டு. அப்போது குழற்சுவர் மெலிந்துபோகும். குறைந்த பருமன் ஓரங்குலத்தின் ஆயிரத்தில் இருபது பங்கு, அதாவது அரை மில்லிமீற்றராயினும் இருத்தல் வேண்டுமென்பது துவக்குத் தொழிலறிந்தோர் கொண்ட அளவு. அதனைக் கண்ணால் அளக்கலாகாது. கருவியுள்ள திருத்துநரிடமே கொண்டுசெல்லல் வேண்டும். பழைய துவக்கொன்றின் உட்புறம் கண்ணாடிபோல் மின்னினால் மகிழ்வதினும் ஐயுறுவதே தகும்.

குழலின் அடிப்புறத்தில், முன்கட்டை மறைக்கும் பகுதியிற் சோதனை முத்திரைகள் இருக்கும். பிரித்தானியாவில் இலண்டனிலும் பேர்மிங்காமிலும் உள்ள சோதனைச்சாலைகளில் ஒவ்வொரு குழலும் மிகைமருந்திட்டுச் சுட்டுப் பார்க்கப்பட்ட பின்னரே முத்திரையிடப்படுகின்றது. பேர்மிங்காமிலுள்ள சாலை 1813ஆம் ஆண்டின் சட்டமொன்றால் நிறுவப்பட்டது. 12 போர் என்னும் இலக்கத்தின் பொருள் யாதெனின், ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் அவற்றுளொன்று குழலிற் பொருந்தும் என்பதே. அவ்விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். கமக்காரர்க்கு இதனினும் முக்கியமானது அறையின் நீளம். பழைய ஆங்கிலத் துவக்குகள் பலவற்றின் அறை இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீற்றர். இன்று கடைகளிற் கிடைக்கும் தோட்டாக்களுட் பெரும்பாலன இரண்டேமுக்கால் அங்குலம், அதாவது 70 மில்லிமீற்றர். இங்கே ஒரு கண்ணி உண்டு. தோட்டாவின்மேற் குறித்த நீளம் வெடித்து விரிந்த பின்னுள்ள நீளமாகும். வெடிக்குமுன் அதன் வாய் மடிந்திருப்பதால் நீண்ட தோட்டாவும் குறுகிய அறையுள் இலகுவாகப் புகுந்துவிடும், துவக்கும் மூடிக்கொள்ளும். வெடிக்கும்போது வாய் விரிய இடமின்றிக் குழலின் ஒடுங்கிய கழுத்தை நெருக்குவதால் அழுக்கம் மிகும். “உட்புகுகின்றது, ஆகவே பொருந்துகின்றது” என எண்ணற்க. முத்திரையில் நீள இலக்கம் தெளிவாக இல்லையெனின் அறையைத் திருத்துநரைக் கொண்டு அளப்பிக்க.

குழலின்மேற் பாம்புத்தோல்போன்ற நெளிவரிகள் காணப்படின் அது இரும்பையும் உருக்கையும் முறுக்கி இணைத்துச் செய்த பழங்குழலாகும். காண அழகியது. கருமருந்துக் காலத்துப் பொருளாதலின், புகையற்ற மருந்துக்கெனச் சோதிக்கப்பட்ட முத்திரை இல்லாவிடின் அதனை இன்றைய தோட்டாவாற் சுடலாகாது.

பூட்டமைப்பைச் சோதிக்க, வெடித்த வெற்றுத்தோட்டா ஒன்றைக் கையோடு கொண்டுசெல்க. அதனை அறையுள் இட்டுக் குதிரையை விழவிட்டால் ஊசிக்குத் தீங்கு நேராது; ஊசிபட்ட வடு நடுவில் விழுகின்றதாவென்றும் காணலாம். திறக்கும்போது தோட்டா வெளித்தள்ளப்படுகின்றதா என்றும் அப்போதே தெரியும். பின்னர், வெறுமையான துவக்கின் குதிரையை இழுத்து நிறுத்தி, கட்டையின் அடியைப் பாய்மேல் மெல்லத் தட்டுக. குதிரையைப் பெருவிரலாலும் முன்னோக்கி அழுத்துக. எதனாலும் அது விழுதல் கூடாது. அரைநிலையில் நிறுத்திய குதிரை விசையை இழுத்தாலும் விழலாகாது. விசையின் இறுக்கத்தைச் சந்தையிற் பயன்படும் சுருள்வில் தராசினாலேயே அறியலாம்: நாலு முதல் ஆறு இறாத்தலுக்குள் இருப்பது ஏற்றது. மூன்றிலும் குறைவாயின் நடுங்கும் விரலுக்கே வெடித்துவிடும்.

கட்டையில் பிடிப்பகுதியே எளிதிற் பிளக்கும். செப்புக்கம்பி சுற்றியிருப்பின் அதன்கீழ் என்னவுள்ளதெனக் கேட்க. மரப்பழுது உயிருக்கு ஊறு செய்வது அரிது. விலையைக் குறைக்க மட்டும் அது உதவும்.

குழல்வாய் வெட்டப்பட்டதா என்பதைக் குறிமணி இருக்குமிடத்தாலும் வாயின் விளிம்பாலும் அறியலாம். வெட்டிய குழலில் வாயருகேயுள்ள ஒடுக்கம் போய்விட்டிருக்கும். நாற்பது யாரிலுள்ள முப்பது அங்குல வட்டத்துள், முழு ஒடுக்கமுள்ள குழல் நூற்றுக்கு எழுபது சன்னங்களை இடும்; ஒடுக்கமற்றது நாற்பதையே இடும். பன்றிக்குப் பயன்படும் எஸ்ஜி சன்னம் ஓர் அவுன்சுக்கு எட்டே ஆதலின், தூரம் கூடக்கூட அவற்றுளொன்றோ இரண்டோதான் விலங்கிற் படும். இருபத்தைந்து யாருக்கு அப்பாற் சுட்டால் பன்றி காயத்தோடு காட்டுட் புகுந்து, மறுநாள் வழியில் வருபவரைத் தாக்கும். தவறிய எஸ்ஜி சன்னமோ அறுநூறு மீற்றருக்கு அப்பாலும் செல்லும். அண்டைச் சேனைக்காரரது பரண் எத்திசையிலுள்ளதென்பதைப் பகலிலேயே பார்த்து வைத்தல் வேண்டும்.

யானைக்காகத் துவக்கு வாங்க எண்ணுவோர் அவ்வெண்ணத்தை விடுக. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் யானையைக் காக்கின்றது. அன்றியும், சன்னம் அதன் தோலிற் புண்ணாக்குமேயன்றி அதனை வீழ்த்தாது. புண்பட்ட யானை அதே வேலியை நாடி மீண்டும் வரக்கூடும்.

விலை பேசி முடிந்தபின்னும் முழுப்பணத்தையும் கொடாது, திருத்துநர் குழலைப் பார்த்தபின் மிகுதியைத் தருவதாக ஒப்புக்கொள்க. இதற்கு இசையாதவரிடம் வாங்கவேண்டா. துவக்கு உமது பத்திரத்தோடு வீட்டுக்கு வந்த பின்னர், தோட்டாக்களை வேறிடத்திற் பூட்டிவைத்து, குழல்வாயைத் துணியால் மூடுக. இரவிற் காவலுக்குப் புறப்படுமுன் அத்துணியை எடுத்து, குழலினூடே ஒருமுறை விளக்கொளியைப் பார்த்தபின்னரே தோட்டாவை இடுக.