லேட்டா வந்தாலும் கரெக்ட் டைம்!

பத்து மணி ஆபீசுக்கு ஒருத்தர் தினமும் பதினொன்றரைக்கு வருகிறார். மேனேஜர் மெமோ கொடுப்பார். அமெரிக்கத் தபால் இலாகாவாக இருந்தால் ஆபீஸ் நேரத்தையே பதினொன்றரைக்கு மாற்றிவிடும்!

அங்கே முதல் வகுப்புக் கடிதம் 3 நாளுக்குள் போய்ச் சேரவேண்டும் என்று கெடு இருந்தது. பல வருஷங்களாக அதைக் காப்பாற்ற முடியவில்லை. 2021 அக்டோபர் 1 முதல் கெடுவையே 5 நாள் வரை நீட்டிவிட்டார்கள். விமானத்துக்குச் செலவு அதிகம், லாரியே போதுமாம். இதில் கூத்து என்னவென்றால், ஒரு மாசம் முன்னால்தான் ஸ்டாம்பு விலையை 55 சென்ட்டிலிருந்து 58 ஆக உயர்த்தியிருந்தார்கள். காசு கூட, வேகம் கம்மி!

'ஈமெயில் காலத்தில் லெட்டருக்கு என்ன சார் அவசரம்?' என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அங்கே செக், பில், ஓட்டுச்சீட்டு எல்லாமே தபாலில் போகிறது. பில் பணம் இரண்டு நாள் பிந்தினால் அபராதம் கட்டுவது தபால்காரர் இல்லை, நாம்தான்.

தபால் ஒழுங்குமுறை ஆணையமே ஜூலையில் இந்தத் திட்டத்தின் மேல் சந்தேகம் எழுப்பியது. ஆனால் அது யோசனைதான் சொல்லலாம், தடுக்க முடியாது. அக்டோபரில் அட்டர்னி ஜெனரல்கள் 20 பேர் சேர்ந்து புகாரும் கொடுத்தார்கள். 5 நாள் கெடு நிற்கவில்லை, நடந்தது.

ஸ்டாம்பு? 2025 ஜூலையில் 78 சென்ட்.

லேட்டா வர்றதைக்கூட மன்னிச்சிடலாம் சார். லேட்டா வந்துட்டு, 'கரெக்ட் டைம்'னு கையெழுத்துப் போட்டா எப்படி?