தோற்றவருக்கு யார் கதவு திறப்பது?

கனடாவில் அகதி விண்ணப்பத்தைத் தீர்ப்பாயம் நிராகரித்தால் ஃபெடரல் நீதிமன்றத்தில் மறுஆய்வு கோரலாம். அதற்கே முதலில் அனுமதி வேண்டும். அங்கும் தோற்றால் மேல்முறையீடு அநேகமாக அடைபட்டுவிடும். பொது முக்கியத்துவமுள்ள பெரிய கேள்வி ஒன்று வழக்கில் இருப்பதாக நீதிபதி சான்றளித்தால்தான் வழி உண்டு. சான்றளிக்க வேண்டியவர் யார் என்றால், மனுவைத் தள்ளுபடி செய்த அதே நீதிபதி! வழக்கை முழுக்கப் படித்தவர் அவர்தானே, வடிகட்டாவிட்டால் மேல் நீதிமன்றம் மூச்சுத் திணறாதா என்பார்கள். வடிகட்டி வேண்டும்தான். நேர்மையாகச் சான்றளித்த நீதிபதிகளும் உண்டு.

போதைப்பொருள் குற்றத்தில் தண்டனை பெற்ற இலங்கைத் தமிழர் ஒருவரை, ஐ.நா. நோக்கங்களுக்கு எதிராக நடந்தவர் என்று சொல்லித் தீர்ப்பாயம் அகதிப் பாதுகாப்பிலிருந்து விலக்கியது. மறுஆய்விலும் அவர் தோற்றார். ஆனால் தோற்கடித்த நீதிபதியே, அப்படி விலக்கியது சரியா என்ற கேள்விக்குச் சான்றளித்தார். ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கைவிட்ட பிறகு, 1998-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பாயத்தின் விளக்கம் தவறு என்றது. சான்றளித்த கேள்வி வெறும் திறவுகோல்தான், மேல்முறையீட்டில் தீர்ப்பு முழுவதையும் அலசலாம் என்றும் சொன்னது. அந்தச் சான்று மறுக்கப்பட்டிருந்தால்? தவறான விளக்கமே நிலைத்திருக்கும். இங்கிலாந்தில் கீழ் நீதிபதி மறுத்தாலும் மேல்முறையீட்டு நீதிமன்றத்திடமே நேரடியாக அனுமதி கேட்கலாம். கனடாவில் அந்த இரண்டாவது கண் இல்லை. என் ஆட்சேபம் அதில்தான்.