எந்த ஊர்ப் பதநீர்?

மாசி பிறந்துவிட்டால் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே நெடுஞ்சாலை ஓரங்களில் பதநீர்ப் பானைகள் வரத் தொடங்கும். வண்டியை ஓரங்கட்டி, ஒரே மூச்சில் குடித்து, காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறோம். எந்த ஊர் மரத்தில் இறக்கியது, எத்தனை மணிக்கு இறக்கியது என்று கேட்பவர்கள் அரிது. மலிவான பானத்துக்கு இவ்வளவு விசாரணை எதற்கு என்ற எண்ணமே இதற்குக் காரணம். அந்த எண்ணம் தவறு என்பதும், அதனால் குடிப்பவருக்கும் பனையேறிக்கும் ஒருசேர நட்டம் என்பதும் என் வாதம். இதற்கான சான்றுகளில் வலுவான ஒன்றைப் பிரான்சின் சாதாரண வீடுகளில், அன்றாடச் சாப்பாட்டோடு குடிக்கும் வெள்ளை ஒயினில் பார்க்கலாம்.

பிரான்சின் மேற்கே, லுவார் ஆறு கடலில் சேரும் இடத்துக்கு அருகில் நான்த் நகரம் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள தோட்டங்களில் தயாராகும் ஒயினுக்கு முஸ்கடே என்று பெயர். அந்நாட்டுக் கடைகளில் இதன் பெரும்பாலான புட்டிகள் 10 யூரோவுக்குள் கிடைத்துவிடும். 1709ஆம் ஆண்டின் கொடுங்குளிரில் அங்கிருந்த திராட்சைக் கொடிகள் பட்டுப்போக, குளிரைத் தாங்கும் மெலோன் என்ற வெள்ளைத் திராட்சை அங்கே பரவியது. இயல்பில் அது மணம் குறைந்த பழம். அந்தக் குறையை ஈடுகட்ட அங்குள்ளவர்கள் ஒரு வழி கண்டார்கள். சாறு நொதித்து முடிந்ததும் அடியில் படியும் ஈஸ்ட் மண்டியை அகற்றாமல், குளிர்காலம் முழுவதும் ஒயினை அதன் மேலேயே விட்டுவைக்கிறார்கள். அப்படி வைத்த ஒயினில் நாக்கை லேசாகக் கிள்ளும் துடிப்பும் ரொட்டியை நினைவூட்டும் வாசமும் சேர்கின்றன. வெளிறிய நிறம், தெளிவான புளிப்பு, முடிவில் மெல்லிய உப்புத்தன்மை. கடல் சிப்பியோடு அதைக் குடிப்பது அந்தக் கரையின் வழக்கம். குடிப்பவர் கிண்ணத்தை வெளிச்சத்தில் பார்க்கிறார், முகர்கிறார், ஒரு மிடறை வாய்க்குள் பரவவிட்டு, விழுங்கிய பிறகு சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனிக்கிறார். அரை நிமிட வேலைதான். அதற்குப் பணமும் வேண்டாம், பட்டமும் வேண்டாம்.

இந்தக் கவனத்தைச் சீமான்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குபவர்கள் 1907ஆம் ஆண்டைப் பார்க்க வேண்டும். வேரைத் தின்னும் பூச்சியால் தோட்டங்கள் அழிந்த காலத்தில், சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்த போலி ஒயின் பிரெஞ்சுச் சந்தையில் நுழைந்தது. தோட்டங்கள் மீண்ட பிறகும் கலப்படம் நிற்கவில்லை, விலை சரிந்தது. தெற்குப் பிரான்சின் சிறு விவசாயிகள் லட்சக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். நார்போன் நகரில் ராணுவம் சுட்டதில் சிலர் உயிரிழந்தார்கள். கலப்படத்துக்கு எதிரான சட்டங்கள் இறுகின. பின்னர் 1935இல், எந்த மண்ணில் எந்த முறையில் விளைந்ததோ அந்தப் பெயரில் மட்டுமே ஒயினை விற்க வேண்டும் என்ற ஏற்பாடு முழு வடிவம் பெற்றது. மறு ஆண்டே முஸ்கடேயும் அதற்குள் வந்தது. ஊர்ப் பெயர் என்பது அங்கே ஏழை உற்பத்தியாளன் போராடிப் பெற்ற காப்பு.

நம் பதநீருக்கு இன்று நேர்வது அதே கதைதான். பனம்பாளையை இடுக்கியால் பதமாக நசுக்கி, நாள்தோறும் நுனியைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய மண்கலயத்தைக் கட்டிவிடுகிறார் பனையேறி. ஊறும் சாற்றில் பத்து சதவீதத்துக்குச் சற்று மேல் சர்க்கரை இருக்கும். சுண்ணாம்பு இல்லாவிட்டால் காற்றிலும் பாளையிலும் உள்ள ஈஸ்டும் பாக்டீரியாவும் சில மணி நேரத்தில் அதைக் கள்ளாக்கிவிடும். சுண்ணாம்பின் காரத்தன்மை அவற்றைத் தடுத்து நிறுத்துகிறது. பதநீரின் தரத்தில் பாதி இந்தச் சுண்ணாம்பின் அளவில் இருக்கிறது. கூடினால் தொண்டையைப் பிடிக்கும், குறைந்தால் புளிப்பு எட்டிப்பார்க்கும். மரத்துக்கு மரம், மாதத்துக்கு மாதம் இனிப்பும் மாறும். விக்கிரவாண்டியை அடுத்த நரசிங்கனூர் போன்ற ஊர்களின் பனையேறிகளுக்கு இதெல்லாம் கைப்பாடம். வாங்குகிறவருக்குத்தான் தெரிவதில்லை. தெரியாத இடத்தில் சாக்கரின் நுழைகிறது. தண்ணீரில் சாக்கரினும் சுண்ணாம்பும் கலந்து பதநீர் என்று விற்பது தமிழகத்தில் பலமுறை பிடிபட்டிருக்கிறது.

நாக்கு இதைக் கண்டுபிடிக்கும், கொஞ்சம் நிதானம் கொடுத்தால். நல்ல பதநீரின் இனிப்பு மெல்ல ஏறி, பாளையின் வாசத்தோடு வாயில் பரவி, சுத்தமாக அடங்கும். சாக்கரினின் இனிப்பு சட்டென்று தாக்கும், நெடுநேரம் போகாது, கடைசியில் கசக்கும். மேலே நுரை கட்டிக் குமிழி எழுந்தால் நொதிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். வெயில் ஏறுவதற்கு முன், ஐஸ் போடாமல், ஓலைப் பட்டையில் குடித்தால் இந்த வேறுபாடுகள் துலக்கமாகத் தெரியும். கடுங்குளிர்ச்சி நாக்கை மரக்கச் செய்து குறையையும் நிறையையும் ஒருசேர மறைத்துவிடும்.

இப்படிச் சுவை தேர்வது நமக்கு அந்நியப் பழக்கம் என்பவர்களுக்கு இந்த மண்ணே பதில் சொல்லும். சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாடு இதுதான். அவனுடைய கிடங்கில் என்ற ஊர் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி, எயிற்பட்டினம் மரக்காணம் என்பது ஆய்வாளர் கருத்து. அந்தப் பட்டினத்துக்கு வரும் பாணர்களுக்குப் பரதவர் குடும்பம் தருவது வடித்தெடுத்த பழைய தேறலும் சுட்ட மீனும். பானம் பழையதா, தெளிந்ததா, எதனோடு சேர்த்து உண்பது என்பதெல்லாம் அந்நூலைப் பாடிய நத்தத்தனார் கவனித்துச் சொல்லும் செய்திகள். தெற்கே அரிக்கமேட்டில் கிடைத்த மத்தியதரைக் கடல் ஒயின் ஜாடிகளில் கணிசமானவை கோஸ் தீவின் பாணியில் அமைந்தவை. கடல்நீர் கலந்து செய்யும் அந்த ஒயின் ரோமாபுரியின் உயர்ரகங்களில் சேராதது, அன்றாடக் குடிக்கானது. மலிவான பானமும் ஊர் அடையாளத்தோடு கடல் கடந்தது.

எதிர்ப்புகளில் இரண்டைப் புறக்கணிக்க முடியாது. முதலாவது, இது குடியைப் புகழ்வதில் போய் முடியும் என்பது. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயத்துக்கு 14 பேரைப் பறிகொடுத்த மாவட்டம் இது. அந்த அச்சத்தை மதிக்கிறேன். ஆனால் பதநீரில் போதை இல்லை. கள்ளுக்குத் தமிழகத்தில் 1987 முதல் தடை, எல்லை தாண்டிப் புதுச்சேரியில் அனுமதி. அந்த விவாதம் வேறு. எக்கியார்குப்பம் சொல்வது இன்னொன்று. மெத்தனாலை நாக்கு காட்டிக்கொடுக்காது. யார் செய்தார், எங்கே செய்தார் என்பது தெரியாத பானத்தைத் தொடாதிருப்பது மட்டுமே காப்பு. பிறப்பிடம் கேட்கும் பழக்கம் பதநீரில் தொடங்கினாலும் நல்லதே.

இரண்டாவது, பெயரும் தரமும் வந்தால் விலை ஏறி ஏழைக்கு எட்டாமல் போகும் என்பது. முஸ்கடேயின் அனுபவம் இதற்கு மாறானது. எண்பது ஆண்டுகளுக்கு மேல் பெயர் இருந்தும் அது எளியோர் பானமாகவே நீடிக்கிறது. சொல்லப்போனால் விலை போதாமல் அங்கே பல விவசாயிகள் கொடிகளைப் பிடுங்கினார்கள். எனவே பெயர் மட்டும் பனையேறியை வாழவைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. சாக்கரின் தண்ணீரோடு விலைப் போட்டி போடும் நிலையிலிருந்து அவரை அது விடுவிக்கும், அவ்வளவே. அதுவே சிறியதல்ல, ஏனென்றால் மரம் ஏறும் இளைஞர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். 2021இல் வந்த தமிழக அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை 76 லட்சம் பனை விதைகளை அறிவித்தது, பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்றது. விதைத்த பனை பாளை விட ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் ஆகும். அப்போது ஏற ஆள் இருக்க வேண்டுமானால் இன்று ஏறுபவருக்கு நியாயமான விலை கிடைக்க வேண்டும். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. விழுப்புரத்துப் பதநீருக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடுகூட உடனே தேவையில்லை. பானைக்குப் பக்கத்தில் ஒரு பலகை, அதில் ஊர்ப்பெயரும் கலயம் இறக்கிய மணியும். வாங்குகிறவர்கள் கேட்கத் தொடங்கினால் இந்தப் பருவத்திலேயே அதை எழுதிவைக்கலாம்.